தட்டாமல் தூக்கிய தொட்டி

காலை எட்டு மணிக்குக் கடைத்தெரு திறக்கும்போது தரையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்கக் கூடாது. இது எங்கள் நகராட்சியின் விதி. எட்டு மணிக்குப் பளபளவென்று வந்து இறங்குகிறவர்களுக்குத் தெரு தானாகவே குளித்துக்கொள்கிறது என்று நினைப்பு. பெருக்கும் வண்டி ஐந்து மணிக்கு வருகிறது, தண்ணீர் லாரி ஐந்தரைக்கு வருகிறது, நாங்கள் ஆறு மணிக்கு வருகிறோம் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? குப்பை கண்ணில் படவில்லை என்றால் சரி. நான் பதினாறு வருஷமாகக் குப்பை லாரியின் பின்னால் நிற்கிறவள். அது எங்கே போகிறது, எப்படிப் போகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

லாரிக்கு இரண்டு பேர். முன்னால் டிரைவர், பின்னால் நான். சக்கரம் வைத்த பெரிய தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து லாரியின் இரும்புக் கைகளில் மாட்டுவேன். பச்சைப் பொத்தானை அழுத்தினால் கைகள் தொட்டியைத் தூக்கி லாரியின் வாயில் கவிழ்க்கும். மஞ்சள் பொத்தானை அழுத்தினால் மேலிருந்து ஓர் இரும்புத் தகடு இறங்கி, விழுந்ததையெல்லாம் வாரி உள்ளே தள்ளி இறுக்கும். மர நாற்காலி இரண்டு நொடி தாங்கும். சோபா நாலு நொடி. ஒரு முறை யாரோ இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது.

அதனால்தான் தட்ட வேண்டும். தொட்டியைத் தூக்குவதற்கு முன் இரும்புக் கம்பியால் அதன் வயிற்றில் மூன்று தட்டு, பிறகு மூடியைத் திறந்து ஒரு பார்வை, ஒரு குரல். பார்த்துவிட்டேன் என்று பின்பக்கக் கேமராவுக்குக் கை காட்டினால்தான் டிரைவர் இயந்திரத்துக்கு உயிர் கொடுப்பார். குளிர் நாட்களில் வீடில்லாதவர்கள் காகிதத் தொட்டியில் படுப்பார்கள். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் கதகதப்பாக இருக்கும், நாற்றமும் இருக்காது. இந்தப் பதினாறு வருஷத்தில் இருபது பேரையாவது நான் தட்டி எழுப்பியிருப்பேன். சிலர் திட்டுவார்கள். ஒருவர், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அடம்பிடிக்கும் பிள்ளையைப் போல, "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று கேட்டார்.

ஒரு குளிர் நாளில், நாற்காலி மேசை விற்கும் கடையின் பின்சந்தில் நான் தட்டிய தொட்டியிலிருந்து என் தம்பியின் தலை எழுந்தது.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வேலை போனது, பின்னாலேயே அவன் பெண்டாட்டியும் போனாள். மூன்று மாதம் எங்கள் கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். என் வீட்டுக்காரர் முணுமுணுத்தாரே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் ஒரு சாயங்காலம் வேலை அலுப்பில், "உனக்கெல்லாம் ரோஷமே இல்லையாடா" என்று கேட்டேன். இருந்தது போலிருக்கிறது. மறுநாள் காலை அவன் இல்லை.

தொட்டிக்குள் அவனைப் பார்த்த அன்று எனக்கு வந்தது பாசமா, வெட்கமா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது வெட்கம். என்னோடு எப்போதும் வரும் டிரைவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். வண்டியும் மெதுவாக ஓடும், வாயும் மெதுவாகத்தான் திறக்கும். அவர் கண்ணாடியில் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் தட்டுவேன், அவன் எழுந்து இறங்குவான், ஒரு ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் திணிப்பேன். "வீட்டுக்கு வாடா" என்பேன். "வரல" என்பான். ஒரு மாதம் போனதும் பச்சைக் கட்டம் போட்ட போர்வை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை மட்டும் வாங்கிக்கொண்டான்.

அப்படியே ஓடியிருக்கும். ஆமைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை என்று வந்தது. அவருக்குப் பதிலாக வேறு வட்டாரத்திலிருந்து வரப்போகிறவன் யார் என்று விசாரித்தேன். அவனைத் தண்டோரா என்பார்கள். பெயர் வைத்தவன் புண்ணியவான். காலையில் ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் மதியத்துக்குள் டிப்போ முழுக்க ஓசை கேட்கும், அவன் வாய் வழியாக. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குப்பை அள்ளுகிறவளின் தம்பி குப்பைத் தொட்டியில் வாழ்கிறான் என்று முந்நூறு பேர் சொல்லிச் சிரிப்பதை நினைத்துப் பார்த்தேன். முந்தின நாளே தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

"நாளைக்குப் புது டிரைவர் வர்றான். வேற எங்கயாவது படுத்துக்கோ. அவன் கண்ணுல பட்டுடாதடா."

"சரிக்கா."

"சரின்னா சரியா இருக்கணும்."

"சரிங்கறேன்ல."

அடுத்த நாள் காலை தண்டோரா வண்டியைக் கிளப்பியபோதே பேச்சையும் கிளப்பினான். முதல் தெருவில் யாருக்கோ விவாகரத்து, இரண்டாம் தெருவில் யாரோ கடையைக் காலி செய்தது. என் கவனம் முழுக்க அந்தப் பின்சந்தில் இருந்தது. சந்துக்குள் வண்டி பின்னால் வந்தது. தொட்டியைத் தள்ளி மாட்டினேன். கம்பி கையில் இருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தட்டினால் அவன் எழுந்துவிட்டால்?

இதுதான் என் மனதில் ஓடியது. அவன் உள்ளே இருந்தால் ஆபத்து என்று ஓடவில்லை. அவன் எழுந்தால் இவன் பார்த்துவிடுவானே என்று ஓடியது. இருக்க மாட்டான், சரி என்றானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி சொன்ன சொல்லை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. அன்றைக்கு மட்டும் நம்பினேன். கம்பியை அதன் கொக்கியிலேயே மாட்டிவிட்டுக் கேமராவுக்குக் கை காட்டினேன். பச்சைப் பொத்தான். தொட்டி கவிழ்ந்தது, அட்டைகள் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. மஞ்சள் பொத்தான். தகடு இறங்கி வாரிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நாலு தொட்டிகள். நாலையும் தட்டித்தான் தூக்கினேன். நாலாவது கவிழ்ந்து, தகடு தள்ளிவிட்டு மேலே ஏறும்போது அதன் விளிம்பில் ஏதோ சிக்கித் தொங்கியது. துணி. பச்சைக் கட்டம்.

சிவப்புப் பொத்தானை எப்போது அழுத்தினேன் என்று தெரியாது. இயந்திரம் நின்றது. என் காதுக்குள் மட்டும் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. துணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறு முனையை உள்ளே ஏதோ கனமாகப் பிடித்திருந்தது.

தண்டோரா இறங்கி வந்தான். "என்னாச்சுக்கா, கம்பி கிம்பி மாட்டிக்கிச்சா?"

"எஞ்சின ஆஃப் பண்ணு."

"எதுக்கு?"

"ஆஃப் பண்ணுப்பா."

என் முகத்தில் எதைப் பார்த்தானோ, ஓடிப்போய் அணைத்தான். தெரு அமைதியாகிவிட்டது. கம்பியை எடுத்து லாரியின் பக்கவாட்டில் தட்டினேன். மூன்று தடவை. காதை இரும்பில் வைத்தேன். தம்பியின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எங்கள் அம்மா மட்டும் கூப்பிடும் பெயர். இறுக்கிய அட்டைகள் உள்ளே மெல்ல நெகிழும் சத்தம் வந்தது. அது எப்போதும் வருகிற சத்தம்தான். அன்று அது மூச்சு மாதிரி இருந்தது, முனகல் மாதிரி இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லாமல் போனது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வாக்கிடாக்கியில் பேசினால் நகரத்தில் ஓடும் எல்லா வண்டிகளுக்கும் கேட்கும். வேறு வழி கிடையாது. பொத்தானை அழுத்தினேன்.

"டிப்போ, ஏழாம் நம்பர் வண்டி. லோடைத் தரையில கொட்டிப் பாக்கணும்."

சூப்பர்வைசர் அம்மாவின் குரல் வந்தது. விதியைத் தூக்கத்திலும் ஒப்பிக்கிறவர். "இந்த நேரத்துல என்ன கொட்டறது? காரணம் சொல்லுங்க."

"உள்ள ஆள் இருக்கலாம்."

இரைச்சலாக இருந்த அலைவரிசை சட்டென்று அடங்கியது. அத்தனை வண்டிகளிலும் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

"யாரு?"

"என் தம்பி."

தண்டோரா என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். எதை மறைக்கத் தொட்டியைத் தட்டாமல் தூக்கினேனோ, அதை நானே நகரம் முழுக்க அறிவித்துவிட்டேன். அது அப்போது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

"தட்டினீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர் அம்மா.

"தட்டினேன்."

யோசித்துச் சொல்லவில்லை. தம்பி உள்ளே நசுங்கிக் கிடக்கிறானோ என்று உயிர் துடிக்கும்போது, நாக்கு தன் பாட்டுக்கு என் வேலையைக் காப்பாற்றியது. இவ்வளவு நீளமான நாக்கு எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கேயே திறக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். சரிவான தெரு, பின்கதவைத் தூக்கினால் மொத்தமும் ஒரேயடியாகச் சரியும், உள்ளே உயிர் இருந்தால் அதுவும் போய்விடும். "எந்தப் பொத்தானையும் தொடாதீங்க. மெதுவா டிப்போவுக்கு வாங்க. ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன்."

டிப்போவுக்கு ஆறு நிமிஷம். நான் பின்படியிலேயே நின்று வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் லோடு உள்ளே குலுங்கியது, ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் செத்தேன். இறுக்கிய காகிதத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெட்டியில் இருந்த இடைவெளியெல்லாம் போய்ப் பலகை மாதிரி ஆகியிருக்கும். அதற்குள் ஒரு மனுஷன் மூச்சு விட இடம் இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருக்காது என்று தெரிந்தது. மறுபடி கணக்குப் போட்டேன்.

டிப்போவில் எல்லோரும் வெளியே நின்றார்கள். ஆம்புலன்ஸும் வந்திருந்தது, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பின்கதவைத் தூக்கினார்கள். உள்ளிருந்து தள்ளும் பலகையைச் சாண் சாணாக நகர்த்தச் சொன்னார் சூப்பர்வைசர் அம்மா. ஒரு சாண் வெளியே வந்ததும் நிறுத்தி, அதைக் கையால் பிய்த்துப் போட வேண்டும், பிறகு அடுத்த சாண். கொக்கி, கம்பி எதுவும் கூடாது, குத்திவிடும். வெறும் கை.

முதலில் பாய்ந்தவன் தண்டோரா. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையைப் பிய்க்கப் பிய்க்க அவன் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. நானும் பிய்த்தேன். நாலாவது தொட்டி, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று பின்னோக்கி வந்துகொண்டிருந்தோம். தொட்டி மாறுவது எனக்குத் தெரியும். துணிக்கடை அட்டை முடிந்தது, மருந்துக்கடை அட்டை முடிந்தது. நாற்காலிக் கடையின் தடித்த பழுப்பு அட்டை தெரிந்தபோது என் கை நின்றுவிட்டது.

"நீங்க தள்ளி நில்லுங்கக்கா" என்றான் தண்டோரா.

தள்ளி நிற்கவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ "சிவப்பா இருக்கு" என்றார்கள். இன்னொரு குரல், "பெயிண்டு, பெயிண்டு, டப்பா நசுங்கியிருக்கு" என்றது. போர்வையின் மறு முனையைப் பிடித்திருந்த கனம் வெளியே வந்தது. அது ஒரு மேசையின் உடைந்த கால். அப்புறம் ஒரு செருப்பு. அவனுடையதுதான். ஒற்றைச் செருப்பு. பிறகு அட்டை, பிறகு அட்டை, பிறகு லாரியின் வெறும் இரும்பு.

"ஆள் இல்ல" என்றார் வெள்ளைச் சட்டைக்காரர்.

நான் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். நானும் ஏறிப் பார்த்தேன். ஆள் இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை. தரையில் விரித்துப் போட்டிருந்த குப்பையைச் சுற்றி நின்றவர்கள் ஒருவரும் போகாமல் என்னையே பார்த்தார்கள்.

வாசல் காவலாளி வந்து, "ஒருத்தர் வந்திருக்கார். ஒரு கால்ல செருப்பு இல்ல" என்றார்.

ஓடினேன். வாசல் தூணை ஒட்டித் தம்பி நின்றான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு உடம்பு மொத்தமும் ஆடியது. அவன் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினேன். அவன் சட்டென்று ஓரடி பின்னால் போனான். அடிக்க வருகிறேன் என்று நினைத்துவிட்டான் என்றுதான் அப்போது எண்ணினேன்.

"டீக்கடையில ஒரு லாரிக்காரர் பேசிட்டிருந்தார். நீ என்னைத் தேடறேன்னு சொன்னார். அதான் வந்தேன்."

அதற்குள் சூப்பர்வைசர் அம்மா படிவத்தோடு வந்துவிட்டார். பின்னால் தண்டோரா, அவன் பின்னால் பாதி டிப்போ. படிவத்தில் ஒரு கேள்விதான் முக்கியம். தொட்டி தட்டப்பட்டதா, ஆம் இல்லை. இல்லை என்றால் அன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், மேல்முறையீடு கிடையாது. கேமரா காட்டுமே தவிரப் பதிவு செய்யாது. நான் கை காட்டும்வரை பக்கத்தில் உரசிப் போன வேனைத் தண்டோராப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"நீங்கதான் அந்தத் தொட்டியில படுத்திருந்தவரா?" என்று தம்பியைக் கேட்டார்.

"ஆமாங்க."

"உங்க அக்கா தட்டினதா சொல்றாங்க. நிஜமா?"

என் தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அவன் அடி வாங்கியிருக்கிறான். அப்போதெல்லாம் கூட இப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.

"தட்டினாங்க. மூணு தடவ. அதக் கேட்டுத்தான் எறங்கினேன். போர்வைய எடுக்க மறந்துட்டேன்."

சூப்பர்வைசர் அம்மா 'ஆம்' என்பதில் கோடு போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். "இன்னைக்கு இது போதும், தம்பியக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தண்டோரா தன் மழைச்சட்டையைக் கழற்றித் தம்பியின் தோளில் போட்டான். அவன் இந்தக் கதையை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அவனைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் தப்பு.

வாசலைத் தாண்டி ஆள் இல்லாத இடம் வந்ததும் கேட்டேன்.

"எங்கடா இருந்த?"

"எதிர்ச் செவுத்துக்குப் பின்னால. வேற எடம் தேடினேன், கெடைக்கல. வண்டிச் சத்தம் கேட்டதும் குதிச்சேன். ஒரு செருப்பு உள்ளயே விழுந்திடுச்சு. நீ தட்டிட்டுத் திறந்து பாப்பேல்ல, அப்ப போர்வையும் செருப்பும் உன் கண்ணுல படும், நீயே எடுத்து ஓரமா வெச்சிடுவேன்னு நின்னுட்டிருந்தேன்."

"நான் தட்டாம தூக்கினதப் பாத்தியா?"

"ம்."

"அப்புறம் ஏண்டா அவங்ககிட்ட அப்படிச் சொன்ன?"

"உன் வேலை போயிடும்ல."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் உள்ள இல்லன்னு உனக்குத் தெரியும்தானேக்கா? தெரிஞ்சுதானே தூக்கின?"

தெரியும்டா என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து தானாகவே புரண்ட நாக்கு அது. ஒரே ஒரு பொய், இருவருக்கும் நிம்மதி. அவனும் அதைத்தான் கேட்டான், கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டான்.

"தெரியாதுடா."

அவன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்டுக்கு வாடா" என்றேன்.

"சரிக்கா" என்றான் உடனே. ஒன்றரை மாதமாக வர மாட்டேன் என்றவன், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

மணி எட்டரை ஆகியிருந்தது. கடைத்தெருவில் கூட்டம் வந்துவிட்டது, தரை பளிச்சென்று இருந்தது. நடைபாதை குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும்.

"முன்னால நடடா."

"நீ போக்கா. நான் பின்னால வர்றேன்."

நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி, ஒரு காலில் செருப்போடு, அவன் நின்றான். நான் நடந்தால் நடந்தான். நான் திரும்பினால் நின்றான். வீடு வரைக்கும் ஒரு தடவைகூட அவன் எனக்கு முன்னால் வரவில்லை. எனக்கு முதுகைக் காட்ட அவனுக்குப் பயம்.